மூன்றாம் வளைவில் இறங்குக

தேவியார் இவ்வோலையைக் குதிரை மேலிருந்து படிப்பதாயின் அடுத்த வரிக்குப் போகாமல் இறங்குக. இறங்கி, இரு பாதங்களும் மண்ணில் ஊன்றிய பின்பு படிக்க. பட்டங்களும் வாழ்த்துகளும் சற்றுப் பொறுக்கும். அந்தக் குதிரையின் வயிற்று வார் பொறுக்காது.

இனி முறைப்படி.

மலை மூன்றும் ஆறு இரண்டும் அரணாகக் கொண்ட தேக்கடவி நாட்டின் முடிக்கு உரியவரும், செங்கோடன் என்னும் பெருமன்னரின் உடன்பிறந்தவரும், அடுத்த வளர்பிறையில் அரியணை ஏறவிருப்பவருமாகிய கொற்றிமாதேவியாருக்கு, அந்நாட்டின் பரியதிகாரியும் தேவியாரின் தாய்மாமனுமாகிய நெடுவேட்டன், கூகைக் கணவாயின் காவற்கொத்தளத்திலிருந்து, விடிந்து இரண்டாம் நாழிகையில் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரின் நாட்டில் மழை தவறாது பெய்க. லாயங்களில் குட்டிகள் பெருகுக. தேவியாரின் பாதம் மண்ணில் படுக. கடைசியாகச் சொன்னதை இதுவரை எந்த ஓலையிலும் எவரும் வாழ்த்தாக எழுதியதில்லை. இன்று எனக்கு அதைவிடப் பெரிய வாழ்த்துத் தெரியவில்லை.

நான் எழுத்தாணியைப் பிடித்திருக்கும் இந்நேரத்தில், என் எதிரே ஒருவன் தன் பாதங்களில் சாக்குத் துணியை இறுகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். குதிரைப்பாதை ஏழு வளைவுகள் சுற்றி மேலே வருகிறது. அவன் சுற்றமாட்டான், வறண்ட ஓடை வழியே பாறைக்குப் பாறை தாவி நேர்க்கீழே இறங்குவான். தேவியார் விடியலில் அடிவாரப் பாளையத்திலிருந்து புறப்பட்டிருப்பீர். மூன்றாம் வளைவில் ஓடையும் பாதையும் சந்திக்கின்றன. அங்கே அவன் முந்தினால் தேவியார் வாழ்வீர். தேவியார் முந்தினால், நான்காம் வளைவிலிருக்கும் ஒற்றைத்தோள் என்னும் அந்த விளிம்பில், பன்னிரண்டு நாளுக்கு முன் உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். எனக்கு இதில் ஐயமே இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

அரசர் கொலையுண்டார் என்று சபை முடிவு செய்தது. மேல்வெளி நாட்டார் நட்புக்கு அனுப்பிய கொண்டல் என்னும் குதிரையும், அதனோடு அனுப்பிய மூக்கன் என்னும் குதிரைக்காரனும் கொலைக்கருவிகள் என்று சொல்லப்பட்டது. அண்ணனைத் தள்ளிய குதிரையிலேயே ஏறி வந்து, அண்ணன் விழுந்த இடத்திலேயே அந்தக் குதிரைக்காரனைத் தள்ளுவேன் என்று தேவியார் சபதம் செய்தீர். அதற்காகவே இன்று வருகிறீர். கைதி இக்கொத்தளத்தில் விலங்கோடு இருந்தான். காவல் என்னுடையது. பன்னிரண்டு நாளும் அவனிடம் நான் ஒரு சொல் பேசியதில்லை. நேற்று மாலை, கஞ்சி கொடுக்கப் போன இடத்தில், அவனாகத்தான் ஆரம்பித்தான்.

ஓலையில் கீழ்மக்கள் பேச்சைச் செம்மைப்படுத்தி எழுதுவதே முறை. செம்மைப்படுத்தினால் உண்மை சிதைந்துவிடும் என்று அஞ்சி, அவன் சொன்னபடியே எழுதுகிறேன், தேவியார் பொறுத்தருள்க.

"நாளைக்கு அந்தம்மா வருதாமே, கொண்டல் மேலயா?" என்று கேட்டான். ஆம் என்றேன்.

"அரக்கு வச்சா?"

அரசகுலத்தார் யாத்திரைக்கு ஏறினால் அரக்கு வைக்காமல் எப்படி என்றேன்.

அவன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்ப என்னைத் தள்ளறதுக்கு ஆள் வராது. தப்பிச்சேன் போ."

மரண தண்டனை அறிவிக்கப்பட்டவன் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு சிரிப்பு. இது ஒரு மடையனைப் பார்த்து வேலை தெரிந்தவன் சிரிக்கும் சிரிப்பு. அவன் கழுத்தைப் பிடித்தேன். விளங்கச் சொல் என்றேன்.

"கழுத்தை விட்டாத்தானே ஐயா சொல்றதுக்கு? உங்க கொண்டல் இருக்கே, அது கள்ளக் குதிரை. சேணம் போடறப்ப மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமித்தி நிக்கும். நீங்க வாரை இழுத்துக் கட்டிட்டு 'ஆகா, இறுக்கம்'னு கையைத் தட்டிக்குவீங்க. ஒரு நாழிகை நடந்துச்சுன்னா மூச்சு எறங்கும். வயிறு சுருங்கும். வாரு தொங்கும். எல்லாக் குதிரையும் கொஞ்சம் செய்யும், இது நெறையச் செய்யும். எங்க ஊர்ல மேடு ஏறதுக்கு முன்னாடி எறங்கி இன்னொரு தரம் இறுக்காதவனைக் குதிரைக்காரன்னே சொல்ல மாட்டோம். உங்க ஊர்லதான் முடிச்சுக்கு அரக்கைக் காய்ச்சி ஊத்தி, தொட்டா கையை வெட்டறீங்க. அரக்கு முடிச்சைக் காக்கும் ஐயா. வயித்தை யாரு காக்கறது?"

தேவியார் அறிவீர், அரக்கிடும் வழக்கம் எதனால் வந்தது என்று. தேவியாரின் பாட்டனாரின் தந்தை காலத்தில், ஒரு துரோகி வாரைப் பாதி அறுத்து வைத்ததால் அவர் விழுந்து முடமானார். அன்றிலிருந்து முடிக்குரியவர் ஏறி அமர்ந்ததும் அமைச்சர் வார் முடிச்சில் சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை வைக்கிறார். சேருமிடம் சேரும்வரை அதைத் தொடுபவன் வலக்கையை இழப்பான். ஏறியவரும் சேருமிடம் சேரும்வரை மண் மிதிக்கக் கூடாது. மிதித்தால் முடி மண்ணுக்குப் போகும் என்பார்கள். காப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. ஏற்படுத்தியவர் சமவெளியில் ஆண்டவர். அங்கே வார் தளர்ந்தாலும் சேணம் முதுகிலேயே கிடக்கும். மலை அப்படியல்ல.

அன்று ஏன் சொல்லவில்லை என்று மூக்கனைக் கேட்டேன்.

"சொல்லாம? உங்க அமைச்சர் அரக்கை ஊத்தறப்பவே ஓடிப்போய், இன்னும் கொஞ்சம் நடத்திட்டு ஊத்துங்க சாமின்னு வாரைப் பிடிச்சேன். முதுகுல ஏழு அடி. எண்ணினேன். 'ராசா சேணத்துல கை வைக்கிறான் பாரு'ன்னு ஒரே கூச்சல். அதைத்தானே அப்புறம் சபையில சாட்சின்னு சொன்னாங்க?"

சொன்னார்கள். நாற்பது பேர் சொன்னார்கள். நாற்பது பேரும் பொய் சொல்லவில்லை.

இருளில் இம்மலையிலிருந்து கீழே இறங்க எவராலும் ஆகாது. இன்று விடியும் முன்பே என் சொந்தக் குதிரையை வெளியே கொணர்ந்தேன். பதினாறு வயது, கள்ளம் அறியாத கிழம். நானே சேணமிட்டேன், நானே இறுக்கினேன், நானே அரக்கு ஊற்றினேன். கணவாயின் மேட்டில் ஒரு நாழிகை ஏறி வந்தேன். முத்திரையைப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை. வாருக்கும் வயிற்றுக்கும் இடையே விரலை விட்டேன். பிறகு மூடிய கையை விட்டேன். மணிக்கட்டு வரை நுழைந்தது.

தேவியார் இப்போது அப்படியே கொண்டலின் வயிற்றடியில் கையை விட்டுப் பார்க்க. நான் காத்திருக்கிறேன்.

பார்த்தீரா, அம்மா?

உடன் வரும் அமைச்சர் பெருந்தேவனார் இதற்குள் மண் மிதித்ததைப் பற்றி முறையிடத் தொடங்கியிருப்பார். முடிக்குரியவரின் பாதம் வழியில் மண்ணைத் தொட்டது என்று எழுதி வைக்கும்படி யாரையேனும் ஏவியும் இருப்பார். எழுதட்டும். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லி இதையும் சொல்க: அரசர் அன்று விடியலிலிருந்து உச்சிப்பொழுதுவரை ஒருமுறையும் இறங்கவில்லை. தொடைக்குக் கீழே அவர் கால் மரத்துக் கிடந்தது. சேணம் உருண்டபோது அவர் அதில் தொங்கும் அங்கவடியிலிருந்து காலை இழுக்க முயன்றதை நான் கண்டேன். அவர் சொன்னதைக் கால் கேட்கவில்லை. இடப்பக்கம் அருவியைப் பார்க்கச் சற்றே சாய்ந்திருந்தார், அவ்வளவுதான். சேணம் முதுகிலிருந்து வயிற்றுக்குச் சுற்றிக்கொண்டது. குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. கனைக்கக்கூட இல்லை. கீழே அவரைக் கண்டெடுத்தபோது ஓர் அங்கவடி காலோடு இருந்தது.

ஆகவே இனி ஒற்றைத்தோள் வரையிலும், அதற்கு அப்பாலும், தேவியார் எப்படி வருவதென்று எழுதுகிறேன். இதைப் பெரியவர் அறிவுரையாக எண்ண வேண்டாம். பாதி நேற்று கைதி சொன்னது. பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்தும் வழக்கத்துக்கு அஞ்சி வாய் திறவாதது.

சேணத்துக்குக் கீழே பொன்னிழைப் பட்டு விரித்திருப்பார்கள். அதை உருவி எறிக. பட்டு வழுக்கும், இழை முதுகை அறுக்கும், முதுகு புண்ணான குதிரை விளிம்பில் சிலிர்க்கும். சமையற்காரர் போர்த்தியிருக்கும் பழம் பருத்திப் போர்வை எதுவாயினும் வாங்கி, மடிப்பு விழாமல் விரித்து, அதன் மேல் சேணம் வைக்க. காற்சிலம்பைக் கழற்றுக. அங்கவடியில் முன்பாதம் மட்டுமே இருக்க வேண்டும். குதிகால் வரை நுழைத்தால் விழும்போது கால் வராது. கடிவாளத்தைத் தங்கக் கயிற்றால் தேவியாரின் மணிக்கட்டோடு கட்டியிருப்பார்களே, அது அழகுக்கு. அறுத்தெறிக. குதிரை விழுந்தால் தனியே விழட்டும்.

மேட்டில் முன்சாய்ந்து பிடரியைப் பிடித்துக்கொள்க. வாயை இழுக்காமல் கடிவாளத்தைத் தளர விடுக. எங்கே கால் வைப்பதென்று குதிரை தலை குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்த தலை ஊர்வலத்துக்கு நன்று, பாறைக்கு நன்றன்று. இறக்கத்தில் முதுகை நிமிர்த்திச் சற்றே பின்வாங்கி அமர்க. முன்குதிரைக்கும் தேவியாருக்கும் இடையே ஒரு குதிரை நிற்கும் வெளி வேண்டும். நெருங்கி வருவதே மரியாதை என்று எண்ணும் மெய்க்காவலரை, உதை வாங்கினால் எலும்பு முறியும் என்று சொல்லி விலக்குக. சங்கும் முரசும் மூன்றாம் வளைவோடு நிற்கட்டும்.

ஒற்றைத்தோளை ஏறிக் கடக்க வேண்டாம். நடந்து கடக்க. குதிரையின் பக்கத்தில் நடக்க இடமில்லை, முன்னே நடக்க. கீழே பார்க்க வேண்டாம். அண்ணன் விழுந்த இடத்தைக் காவலர் வெள்ளைக் கல்லால் குறித்திருக்கிறார்கள். அதையும் பார்க்க வேண்டாம். அழுவதற்கு மேலே இடமிருக்கிறது.

அதைக் கடந்ததும் தேனடைப் பாறை. இவ்வாண்டு மரமெல்லாம் பூத்து, பாறையின் வயிறு முழுதும் கருந்தேனீக்கள் தொங்குகின்றன. நேற்று காவலன் ஒருவன் இருமியதற்கே ஒரு சுற்று எழுந்து அடங்கின. தேவியார் கூந்தலில் மல்லிகையும் கழுத்தில் புனுகும் அணிந்திருப்பீர். மூன்றாம் வளைவிலேயே களைந்து, உடன் கொண்டுவந்த நீரால் கழுவிவிட்டு வருக. கொண்டலின் நெற்றி மாலையும் வேண்டாம். பாறைக்கடியில் எவரும் பேசாது, ஓடாது, ஒருவர் பின் ஒருவராய் வருக. உச்சிப்பொழுதுக்குப் பின் அங்கே பனி இறங்கிவிடும். நேற்று என் கையை நீட்டி என் விரலை நான் பார்க்க முடியவில்லை.

அரைக்காதத்துக்கு ஒருமுறை இறங்கிக் காலை உதறி நடக்க. தாகம் வருமுன் வாய் நனைக்க. சேணம் நழுவுவதாக எப்போதேனும் தோன்றினால், தோன்றியதா, நிகழ்ந்ததா என்று ஆராயாமல் இரு கால்களையும் விடுவித்து மலைப்பக்கமாகச் சரிந்து விழுக. சிராய்ப்பு ஆறும்.

இவ்வோலையை எழுதத் தொடங்குமுன், இதைக் கொண்டு செல்ல ஆள் தேடினேன். இங்கேதான் தாமதம் ஏற்பட்டது. ஓலையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அமைச்சர் எதிரே அரக்கை உடைத்து வாரை இறுக்குபவனாகவும் அவன் இருக்க வேண்டும். காவலர் பன்னிருவரைக் கேட்டேன்.

"கையைக் குடுத்துட்டு நான் எப்படிங்க சோறு திங்கறது?" என்றான் ஒருவன்.

"வெட்டறது வலக்கைதானேப்பா, இடது சும்மாத்தானே தொங்குது" என்றான் அடுத்தவன்.

"அப்ப நீ போயேன். உனக்கு ரெண்டுமே சும்மாத்தான் தொங்குது."

சிரித்தார்கள். ஒருவரும் எழவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். நானே போகலாமென்றால், ஓடையில் இறங்க என் முழங்கால் இடம் தராது. குதிரையில் போனால் நேரம் தராது.

அப்போது விலங்கொலி கேட்டது. "இங்க ஒருத்தன் கையும் போகப்போகுது, தலையும் போகப்போகுது. அவனை அனுப்பறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

தப்பி ஓடமாட்டாயா என்று கேட்டேன்.

"எங்க ஓடறது? கீழ போனா உங்க படை. மேல போனா, குதிரையை ஒழுங்காப் பார்த்துக்கலைன்னு எங்க அப்பனே வெட்டுவான்."

ஆம், தேவியாரே. இப்போது கொண்டலின் தலையைப் பிடித்துக்கொண்டு, சாக்குத் துணி சுற்றிய கால்களில் இரத்தம் வழிய நிற்பவன் மூக்கன். யாரைத் தள்ளுவதற்காகப் புறப்பட்டீரோ அவன். விலங்கை உடைத்தவன் நான். மெய்க்காவலர் வாளை உறையில் இடுக. முதலில் அவன் அரக்கை உடைத்து வாரை இறுக்கட்டும். பத்தடி நடத்திவிட்டு இன்னொருமுறை இறுக்கட்டும். முடிச்சு எத்தனை விரல் மேலேறுகிறது என்று தேவியாரே எண்ணுக. அதன் பின்பும் அவனைக் கொல்ல மனமிருந்தால் கொல்லுமுன் இவ்வோலையை இறுதிவரை படிக்க.

கட்டளை. பரியதிகாரி என்னும் பதவியால் எனக்கிருக்கும் உரிமையைக் கொண்டு, முடிசூட்டுக்கு முன் தேவியாருக்கு நான் இடக்கூடிய ஒரே கட்டளை: அரக்கு முத்திரை இன்றோடு ஒழிக. மண் மிதியாமை இன்றோடு ஒழிக. இவ்வோலை தேவியாரின் கண்ணுக்கும், அதன்பின் சபையின் செவிக்கும் உரியது. தீயில் இடவோ ஆற்றில் விடவோ எவருக்கும் உரிமையில்லை. மலை உள்ளவரை மறுக்கப்படாதென்று நெடுவேட்டன் கைந்நாட்டி, குதிரைக்குளம்பு முத்திரை பதித்தேன்.

முத்திரைக்குக் கீழே எழுதுவது முறையன்று. எழுதுகிறேன்.

வார் தளர்ந்ததை எவரேனும் கண்டீரா என்று சபை கேட்டபோது, அரசர் பின்னே முதலாவதாக வந்த நான், காணவில்லை என்றேன். கண்டேன். மூன்றாம் வளைவில், இப்போது தேவியார் நிற்கும் இடத்தில், சேணம் ஒரு சாண் சரிந்திருந்ததைக் கண்டு, குதிரையிலிருந்து குதித்து ஓடிச்சென்று அரக்கின் மேல் கை வைத்தேன். நகமும் ஊன்றிவிட்டது. உங்கள் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. அரைநாழிகையாகவே தொடையை இடுக்கிச் சேணத்தை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கையை எடுங்க மாமா. எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

எடுத்துவிட்டேன்.